சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் ஒரு வரி

(கோடைக்காலக் கணினி வகுப்பின் நிறைவு நாளன்று மாணவர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நிறைவு நாள் என்றால் பெரிய விஷயங்களைப் பேச வேண்டும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். இன்று நாம் மிகச் சிறிய ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம். கணினித் திரையில் ஒரு பொத்தானின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் சின்னஞ்சிறு பெட்டி ஒன்று தோன்றி, இது இன்னதற்கு என்று ஒரு வரி சொல்லிவிட்டு மறைகிறதே, அதைத்தான் சொல்கிறோம். டூல்டிப் என்பது அதன் பெயர். நமது பேச்சில் குறிப்புப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மவுஸை வைத்தால் அது தானாக வருவது எல்லோருக்கும் தெரியும். நாம் எழுதும் நிரலிலிருந்து, நமக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் அதை வரவழைப்பது எப்படி, ஏன் என்பதே இன்றைய பேச்சு. பெற்றோர்கள், இது பிள்ளைகளுக்கான பாடம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பெட்டி யாருக்காக வருகிறதோ அவர்கள் நீங்கள்தான்.

முதலில் ஓர் உதாரணம். வீட்டிலோ கடையிலோ விண்டோஸ் கணினி இருந்தால் இன்றே செய்து பாருங்கள். ஒரு கோப்பின் பெயரை மாற்றப் போய், அதில் கேள்விக்குறி ஒன்றைத் தட்டுங்கள். அந்தக் குறி பெயரில் விழாது. உடனே பக்கத்தில் ஒரு குறிப்பு தோன்றி, இன்னின்ன குறிகள் கோப்பின் பெயரில் வரக்கூடாது என்று ஒன்பது குறிகளைப் பட்டியலிட்டுக் காட்டும். நீங்கள் மவுஸை எங்கும் கொண்டுபோகவில்லை. யாரையும் கேட்கவில்லை. நீங்கள் தடுக்கி நின்ற அந்த நொடியைப் பார்த்து நிரலே பேசியது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் கடவுச்சொல் தட்டும்போது பெரிய எழுத்துப் பூட்டு போட்டிருந்தால் ஒரு பலூன் தோன்றி எச்சரித்ததே, அதுவும் இதே வகைதான். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் எத்தனை பேர் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று எண்ணித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்!

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. ஆப்பிள் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சிஸ்டம் 7 என்ற இயக்கமுறையில் பலூன் உதவி என்று ஒன்றை வைத்தது. அதை இயக்கிவிட்டால் மவுஸ் போகிற இடமெல்லாம் கார்ட்டூன் படத்தில் வருவது போன்ற பேச்சுக் குமிழ்கள் கிளம்பும். உதவி நல்லதுதான். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்ததால் பலர் அதை அணைத்துவிட்டே வேலை பார்த்தார்கள். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளவான ஒரு வழியைப் பிடித்தது. மவுஸ் ஓரிடத்தில் அரை நொடி நிலைத்து நின்றால் மட்டும் சிறு பெட்டி வரும், சில நொடியில் போய்விடும். விண்டோஸ் 95 காலத்திலேயே இந்தப் பெட்டி எல்லா நிரலாளர்களும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்தப் பொருளாக இயக்கமுறைக்குள் இருந்தது. அளவறிந்து பேசுவதே நல்ல பேச்சு என்பது இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

இப்போது நம் நடைமுறைக்கு வருவோம். கல்வி உதவித்தொகை விண்ணப்பக் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் நாம் பார்ப்பது இது. விண்ணப்பத்தில் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் பதிய வேண்டும். அந்தக் குறியீட்டில் 11 எழுத்துகள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. பாஸ்புக்கில் பார்த்தால் அந்தப் பூஜ்யம் ஓ என்ற ஆங்கில எழுத்தைப் போலவே தெரியும். பதிகிறவர் ஓ என்றே தட்டுவார். பிழைகளைச் சரிபார்க்காத நிரலாக இருந்தால் அது அப்படியே போய்விடும். பணம் வர வேண்டிய நாளில் வராது. எதனால் வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் கடந்திருக்கும். ஒரு பூஜ்யத்துக்காக ஒரு பெண் பிள்ளையின் அந்தப் பருவமே தடுமாறும்.

சரிபார்க்கிற நிரலாக இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. பல நிரல்கள் கடைசிவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் நிரப்பிச் சேமி என்ற பொத்தானை அழுத்திய பிறகு, உள்ளீடு செல்லாது என்று நடுத்திரையில் ஒரு பெட்டியைப் போடும். எந்த உள்ளீடு, எப்படிச் செல்லாது என்று அதில் இருக்காது. பதிகிறவர் அந்தப் பெட்டியை மூடிவிட்டு, இருபது கட்டங்களில் எதில் பிழை என்று தேட வேண்டும். எதிரில் கூலி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு வாப்பா நின்றுகொண்டிருப்பார். நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும்.

இந்த இடத்தில்தான் நிரலிலிருந்து காட்டும் குறிப்பின் தேவை புரிகிறது. மவுஸை வைத்தால் வரும் குறிப்பு இங்கே போதாது. ஏனென்றால், வேகமாகப் பதிகிறவர் மவுஸைத் தொடுவதே இல்லை. டேப் விசையைத் தட்டித் தட்டி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். புதிதாக உட்காருகிறவருக்கோ மவுஸை நிறுத்தி வைத்தால் ஏதோ வரும் என்பதே தெரியாது. ஆக, தேவைப்படுகிறவர் இருவருக்குமே அது போய்ச் சேராது. அவர்கள் எங்கே கை வைத்திருக்கிறார்களோ அங்கே நிரல் தானாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் இனிக் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நீங்கள் சி ஷார்ப் மொழியில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் கொண்டு படிவங்கள் செய்தீர்கள். அதில் டூல்டிப் என்ற பொருள் தனியாக இருக்கிறது. ஒரு படிவத்துக்கு ஒன்று போதும். படிவம் தொடங்கும்போது ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை குறிப்புக் காட்டும்போதும் புதிதாக ஒன்றை உருவாக்கினால், பழையவை நினைவகத்தில் தங்கிப்போகும், சில வேளைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையிலும் நிற்கும்.

அந்தப் பொருளிடம் இரண்டு விதமாக வேலை வாங்கலாம். செட் டூல்டிப் என்ற கட்டளையால் ஒரு கட்டத்துக்கு ஒரு வாசகத்தை ஒட்டி வைத்துவிடலாம். மவுஸ் வந்து நின்றால் அதுவே காட்டிக்கொள்ளும். இயல்பான கணக்கு இது: மவுஸ் 500 மில்லி நொடி, அதாவது அரை நொடி நின்றால் பெட்டி வரும், 5 நொடி நிற்கும், பக்கத்துப் பொத்தானுக்கு மவுஸ் நகர்ந்தால் 100 மில்லி நொடியில் அடுத்தது வரும். இன்னொரு வழி ஷோ என்ற கட்டளை. என்ன வாசகம், எந்தக் கட்டத்தின் அருகே, அதன் இடது மேல் மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எத்தனை மில்லி நொடி என்று நான்கையும் நாமே சொல்கிறோம். மவுஸ் எங்கிருந்தாலும் அந்த இடத்தில் பெட்டி தோன்றும். நேரத்தைச் சொல்லாமல் விட்டால், ஹைடு என்ற கட்டளையால் நாம் மறைக்கும்வரை நிற்கும்.

நமது ஐ.எஃப்.எஸ்.சி. கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டத்தில் எழுத்து மாறும்போதெல்லாம் டெக்ஸ்ட் சேஞ்ச்டு என்ற நிகழ்வு எழும். அதில் ஐந்தாவது எழுத்து வந்துவிட்டதா, வந்தது பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் கட்டத்துக்குக் கீழே, ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வரும், ஓ என்ற எழுத்து வராது என்று காட்டுங்கள். சரியாக இருந்தால் ஏற்கெனவே காட்டியதை மறைத்துவிடுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியைக் காட்டி மறைத்துக் கண்ணைப் பறிக்க வேண்டாம். குறிப்பு ஏற்கெனவே திரையில் இருக்கிறதா என்பதை ஒரு மாறியில் குறித்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இராது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான் என்றால், நிரலே ஓவைப் பூஜ்யமாக மாற்றிவிடலாமே என்று. நல்ல கேள்வி. மாற்றத்தான் வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில் மனிதருக்கு வேலை வைக்கக் கூடாது. ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். ஓ என்பதைப் பூஜ்யமாகத் திருத்தியிருக்கிறோம் என்று குறிப்பு ஒரு வரி சொல்லட்டும். தான் தட்டியது ஒன்று, திரையில் இருப்பது வேறொன்று என்று கண்டால் பதிகிறவர் குழம்பிப்போவார்.

எல்லாப் பிழையையும் நிரலால் திருத்த முடியாது. ஆதார் எண்ணைப் பாருங்கள். 12 இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றையும் சரிபார்ப்பதற்காகக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. வெர்ஹூஃப் முறை என்று பெயர். ஏதேனும் ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். பிழை இருக்கிறது என்று நிரலுக்குத் தெரியும். எந்த இலக்கம் என்று தெரியாது. அதனால் குறிப்பு இப்படிச் சொல்ல வேண்டும்: இந்த எண் பொருந்தவில்லை, அட்டையை மறுபடி பார்த்து இலக்கங்களை ஒப்பிடவும். இலக்கம் குறைந்திருந்தால், இதுவரை 11 இலக்கம் வந்திருக்கிறது, இன்னும் ஒன்று வேண்டும் என்று சொல்லலாம். இந்தக் குறிப்பை எப்போது காட்டுவது? தட்டிக்கொண்டிருக்கும்போதே காட்டினால் முதல் இலக்கத்திலேயே, இன்னும் 11 வேண்டும் என்று கத்த ஆரம்பித்துவிடும். அவர் கட்டத்தை விட்டு நகரும் நேரத்தில் எழும் வேலிடேட்டிங் என்ற நிகழ்வில் காட்டுங்கள். ஒருவர் பேசி முடிக்கும்முன் குறுக்கிடாமல் இருப்பது மனிதருக்கு மட்டுமல்ல, நிரலுக்கும் பொருந்தும் மரியாதை.

அடுத்தது இடம். விண்டோஸ் ஃபார்ம்ஸில் நாம் சொல்லும் தூரம் அந்தக் கட்டத்தின் மூலையிலிருந்து அளக்கப்படுவது. கிடைத் தூரம் பூஜ்யம், செங்குத்துத் தூரம் கட்டத்தின் உயரம் என்று கொடுத்தால் பெட்டி சரியாகக் கட்டத்துக்குக் கீழே வந்து உட்காரும். கட்டத்தின் மேலேயே போட்டால், பிழையைத் திருத்த வேண்டியவரின் கண்ணுக்கு அந்தப் பிழையே மறைந்துவிடும். 20, 30 என்று எண்களைக் கையால் எழுதி வைக்காதீர்கள். உங்கள் கணினியில் அழகாக இருக்கும். கண் மங்கிய பெரியவர் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்க 125 அல்லது 150 சதவீதம் என்று திரையை வைத்திருந்தால், கட்டம் பெரிதாகிப் பெட்டி அதன் மேலே ஏறி நிற்கும். கட்டத்தின் உயரத்தை அந்தக் கட்டத்திடமே கேட்டு வாங்குங்கள்.

வேறு கருவிகளில் வேலை செய்யப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். க்யூட் என்ற நூலகத்தில் கியூ டூல்டிப் என்ற வகுப்பும் அதில் ஷோ டெக்ஸ்ட் என்ற கட்டளையும் உண்டு. அது கட்டத்தின் மூலையைக் கணக்கில் கொள்ளாது, முழுத் திரையின் அளவில் இடம் கேட்கும். மேப் டு குளோபல் என்ற கட்டளையால் கட்டத்துக்குள் உள்ள புள்ளியைத் திரைப் புள்ளியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் குறிப்பு திரையின் இடது மேல் மூலையில் போய் நிற்கும். காலியான வாசகம் கொடுத்தால் பெட்டி மறைந்துவிடும். நேரத்தை நாம் சொல்லாவிட்டால் க்யூட் 10 நொடி தருகிறது, வாசகம் 100 எழுத்தைத் தாண்டினால் கூடும் ஒவ்வோர் எழுத்துக்கும் 40 மில்லி நொடி சேர்க்கிறது. படிக்கிறவரை நினைத்துப் பார்த்து யாரோ எழுதிய கணக்கு அது.

மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.பி.எஃப். முறையில் டூல்டிப் பொருளுக்கு எந்தக் கட்டத்தின் அருகே என்பதை பிளேஸ்மென்ட் டார்கெட் என்ற பண்பில் சொல்லிவிட்டு, இஸ் ஓப்பன் என்ற பண்பை ஆம் என்று வைத்தால் திறக்கும், இல்லை என்று வைத்தால் மூடும். நாம் திறந்ததை மூடுவதும் நமது பொறுப்பு. ஜாவா ஸ்விங்கில் நேரடியாகக் காட்டு என்று சொல்லும் கட்டளை வெளியில் இல்லை. மவுஸ் 750 மில்லி நொடி நின்றால் வருவதும் 4 நொடியில் போவதும் அதன் வழக்கம். ஆனால் விசைப்பலகைக்காரர்களுக்காகக் கண்ட்ரோலும் எஃப்1 விசையும் சேர்த்து அழுத்தினால் குறிப்பு வரும்படி வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் போஸ்ட் டிப் என்ற செயலை நிரலிலிருந்தும் அழைக்கலாம். பைத்தானின் டிகின்டரில் இதற்கென்று பொருளே கிடையாது. தலைப்புப் பட்டையில்லாத சிறு சாளரம் ஒன்றைத் திறந்து, அதில் ஒரு லேபிளை வைத்து, நாமே குறிப்பாக்கிக்கொள்ள வேண்டும். கடினமில்லை, இருபது முப்பது வரியில் முடியும்.

நிரலாளர்கள் அடிக்கடி தவறவிடும் ஓர் இடம் உண்டு. சேமி என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். அழுத்தினால் அழுந்தாது. ஏன் என்று சொல்லாது. அந்த மங்கிய பொத்தானுக்குத்தான் குறிப்பு மிகவும் தேவை. ஆனால் விண்டோஸ் ஃபார்ம்ஸில் மங்கிய பொத்தானுக்கு மவுஸ் வந்த செய்தியே போய்ச் சேராது. அதில் ஒட்டி வைத்த குறிப்பும் வராது. பொத்தானைத் தாங்கியிருக்கும் பலகையிடம் மவுஸ் நகர்வைக் கேட்டு, மவுஸ் பொத்தானின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, ஷோ கட்டளையால் நாமே காட்ட வேண்டும். டபிள்யூ.பி.எஃப்.இல் ஷோ ஆன் டிஸேபிள்டு என்ற பண்பு இதற்கென்றே இருக்கிறது. அதைவிட நல்ல வழியும் ஒன்றுண்டு. பொத்தானை மங்க வைக்காமல் விட்டுவிடுங்கள். அழுத்தினால், நிரப்பாமல் விட்ட முதல் கட்டத்துக்கே கர்சரைக் கொண்டுபோய், அங்கே குறிப்பைக் காட்டுங்கள். கதவைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருப்பதைவிட, கதவருகே நின்று வழி சொல்வது மேல்.

அடுத்து நேரம். 5 நொடி என்பது ஆங்கிலத்தில் சேமி, அச்சிடு போன்ற ஓரிரு சொற்களுக்காக வைத்த அளவு. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு தமிழ் வரியை, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கும் பெரியவருக்கு அது போதாது. பாதி படிக்கும்போதே மறைந்துவிட்டால் அவருக்குத் தன் மீதே சலிப்பு வரும். தனக்குத்தான் கணினி வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். பிழை அவருடையது அல்ல. ஆகவே பிழைக் குறிப்புக்கு நேரம் வைக்காமல், அந்தப் பிழை திருத்தப்படும்வரை நிற்க விடுங்கள். 2018இல் வெளியான வலைப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறைகளின் 2.1ஆம் பதிப்பு இதற்கென்றே ஒரு விதி வகுத்தது. தானாக எழும் குறிப்பைப் பயனர் நினைத்தால் எளிதாக மறைக்க முடிய வேண்டும். மவுஸைக் குறிப்பின் மேலேயே கொண்டுபோனாலும் அது ஓடிவிடக் கூடாது. அவரே விலக்கும்வரையோ, அதன் தேவை தீரும்வரையோ நிற்க வேண்டும். வலைப் பக்கங்களுக்காக எழுதப்பட்டாலும் மேசைக் கணினி நிரல்களுக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். எஸ்கேப் விசையைத் தட்டினால் குறிப்பு மறையும்படி வைத்துவிடுங்கள்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். பழைய பில் போடும் நிரல்கள் சிலவற்றில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழைத் தட்டி வைத்திருப்பார்கள். படிவத்தில் அது தமிழாகத் தெரியும். குறிப்புப் பெட்டியிலோ ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக அலங்கோலமாக வரும். காரணம், குறிப்புப் பெட்டி படிவத்தின் எழுத்துருவை எடுத்துக்கொள்வதில்லை, இயக்கமுறையின் எழுத்துருவிலேயே எழுதுகிறது. யூனிகோடில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. விண்டோஸில் முன்பு லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்று தமிழ் எழுத்துரு உடன் வருகிறது. இன்னொன்று நீளம். கணினிக்குக் கொ என்ற ஓர் எழுத்து இரண்டு இடம் பிடிப்பது. பழைய முறையில் விண்டோஸ் தரும் ஓர் இடைக்கிடங்கில் 80 இடங்கள்தான் உண்டு. ஆங்கிலத்தில் முழுதாக வந்த வாசகம் தமிழில் நடுவில் வெட்டுப்படுவது இதனால்தான். நீள வாசகத்தை இரண்டு வரியாக நாமே மடித்துக் கொடுத்தால் திரை ஓரத்தில் அறுபடாமல் நிற்கும்.

வாசகத்தின் தன்மையும் முக்கியம். சேமி என்று எழுதிய பொத்தானின் மேல், சேமி என்றே குறிப்பு வைப்பதில் பயனில்லை. சேமித்தால் என்ன ஆகும், பிறகு மாற்ற முடியுமா என்பதைச் சொல்லுங்கள். தவறு, செல்லாது, நிராகரிக்கப்பட்டது என்ற சொற்களை விட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுங்கள். வருமானக் கட்டத்தில் ஆண்டு வருமானம் கேட்டிருப்பார்கள். மாத வருமானத்தைப் போட்டுவிடுவார்கள். தொகை தவறு என்று சொன்னால் அந்த ஏழைத் தாய் எதைத் திருத்துவார்? கர்சர் அந்தக் கட்டத்துக்குள் நுழையும்போதே, மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதவும் என்று ஒரு வரி காட்டினால் பிழையே நடக்காது. ஆதார் எண், கைபேசி எண் போன்றவற்றைக் குறிப்பில் எழுதிக் காட்டாதீர்கள். கணினியைச் சுற்றி வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

எதற்குக் குறிப்புப் பெட்டி ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயம் படித்தாக வேண்டிய ஒன்றை அதில் மட்டும் வைக்கக் கூடாது. அது மறையக்கூடியது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், நிரலிலிருந்து எழுப்பிய குறிப்பை வாசிக்காமல் விட்டுவிடவும் கூடும். தொடுதிரையில் மவுஸே இல்லை. ஆகவே கடைசித் தேதி, கட்டணம், இணைக்க வேண்டிய சான்றுகள் ஆகியவற்றைப் படிவத்திலேயே நிலையாக எழுதுங்கள். பிழையையும் கட்டத்தின் அருகே சிறு லேபிளில் எழுதி வையுங்கள். குறிப்புப் பெட்டி அதற்குத் துணையாக வரட்டும்.

செய்து முடித்த பின் துப்புரவும் நம் வேலை. கட்டத்தை விட்டு நகர்ந்து பிழையும் தீர்ந்துவிட்டால் குறிப்பை மறையுங்கள். சாளரம் மூடும்போது டூல்டிப் பொருளையும் விடுவியுங்கள். வங்கிக் கிளையின் பெயரை இணையத்தில் தேடுவது போன்ற வேலைகள் பின்னணி இழையில் நடக்கும். அங்கிருந்து நேராகக் குறிப்பைக் காட்ட முயன்றால் நிரல் நின்றுபோகலாம். திரையைத் தொடும் எந்த வேலையும் திரைக்குரிய இழையிலேயே நடக்க வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் இன்வோக் என்ற கட்டளையால் அந்த வேலையைத் திரை இழையிடம் ஒப்படையுங்கள்.

பிள்ளைகளே, இவ்வளவும் தெரிந்துகொண்டாலும் எங்கே குறிப்பு வைக்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாது. உட்காருகிறவர்தான் சொல்வார். அதற்கு ஒரு வேலை தருகிறோம். வகுப்பில் செய்த விண்ணப்பப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் உம்மாவையோ, பெரியத்தாவையோ கணினி முன் உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் தாளும் பேனாவுமாக உட்காருங்கள். வாய் திறக்கக் கூடாது. இதுதான் கடினமான பகுதி. அவர்கள் கை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரும்பிப் பார்த்த இடமெல்லாம் உங்கள் நிரல் பேசாமல் இருந்த இடம். அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்களோ அந்த வாக்கியத்தையே, அதே மரியாதையோடு, குறிப்பாக எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும்போது, எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத இடம்தான் அவர்களுக்குப் பாடம். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். பிள்ளை மனம் கோணுமே என்று புரிந்ததுபோல் தலையாட்டினால், நாளை யாரோ ஒரு தாய் அதே கட்டத்தில் வந்து நிற்பார்.

திருத்திய படிவங்களை எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு இதே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்தார், எங்கே நின்றார் என்று எழுதிய தாளையும் கூடவே எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.